நூற்று முப்பது பார்

நாள் 212 · 06:10
வியாழனின் நிலவு யூரோப்பா, பனிக்குள் பதினோராவது கிலோமீட்டர், இறைப்பு நிலையம். எழுதுவது ஜெசிந்தா பர்னாந்து, வால்வுப் பொறியாளர். இங்கே நாங்கள் இருவர்தான். வால்வு அறையில் மெக்கானிக் இருளாண்டி அண்ணன். சுவருக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் நான்.
அடியிலிருந்து கடல்நீர் நூற்று முப்பது பார் அழுத்தத்தில் ஏறி வருகிறது. ஒரே வால்வு அதை ஆறு பாருக்கு இறக்கித் தொட்டியில் விடுகிறது. பம்புகள் அங்கிருந்து மேற்பரப்புத் தளத்துக்கு ஏற்றுகின்றன. அங்கே நீரைப் பிரித்துக் கப்பலுக்கு எரிபொருள் எடுக்கிறார்கள். இரைச்சல் 94 டெசிபெல். குழாய்க்குள் சரளைக்கல்லை வாரிக் கொட்டுகிற மாதிரி.
அண்ணன் ஒலிபெருக்கியில்: “வால்வுக்கு இன்னைக்குப் பல்லுவலி போல, தாயி.”

நாள் 215 · 14:30
101 டெசிபெல். வால்வின் இடுக்கில் நீர் பாயும்போது அழுத்தம் சரிகிறது. குளிர்ந்த நீரே கொதித்துக் குமிழாகிறது. அடுத்த கணம் அழுத்தம் திரும்பி வர, குமிழ் நசுங்கி உலோகத்தில் குத்துகிறது. நொடிக்குப் பல்லாயிரம் குத்து. வால்வுச் சுவரின் கனம் 22 மில்லிமீட்டர் இருந்தது. இன்று 9.
கிடங்கில் புது வால்வு கிடக்கிறது. துளையிட்ட ஐந்து உறைகள், ஒன்றுக்குள் ஒன்று. அழுத்தத்தை ஐந்து படியாக இறக்கும், குமிழ் வராது. மாட்ட ஒருநாள் நிறுத்தம் கேட்டேன்.
தளத்தலைவர் பரஞ்சோதி மேலிருந்து: “கப்பலுக்கு எரிபொருள் ரொம்பட்டும். நாலு நாள்தானே ஜெசிந்தா, காதுல பஞ்சு வச்சுக்கோங்க.”
ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். 90 டெசிபெல்.

நாள் 216 · 11:02
பரஞ்சோதி மேலிருந்தபடியே ஓட்டத்தை முழுசாக்கிவிட்டார். எச்சரிக்கை தரவில்லை. அண்ணன் உள்ளே சுவர்க் கனம் அளந்துகொண்டிருக்கிறார். 113 டெசிபெல்.

11:04
வால்வின் வயிறு பிளந்தது. ஊசிபோல ஒரு நீர்க்கீற்று. கேமராவில் பார்த்தேன். அண்ணனுக்கு இடது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

11:05
அறைக்கதவு உள்பக்கமாகத் திறப்பது. நீர் அழுத்திப் பிடித்திருக்கிறது, அசையவில்லை. வால்வுக்குக் கீழே நீரை அடைக்கும் அடிவால்வை முறையாக மூடப் பதினோரு நிமிடம் ஆகும். அறை நிரம்ப நாலு. சட்டென்று மூடினால் ஓடிவரும் நீர் மோதிக் குழாயையே பிடுங்கி வீசும். அது அவருக்கும் தெரியும்.
“மூடு தாயி. சட்டுனு மூடு. யோசிக்காத.”
மூடினேன்.

17:40
குழாய் முறிந்து அறை முழுக்கச் சுழன்றிருக்கிறது. அறையின் வடிகால் பம்ப் நீரை வடித்ததும் உள்ளே போனேன். அண்ணனின் மார்பு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. மூச்சு இருந்தது. என்னை “செல்லம்மா” என்று கூப்பிட்டார். அது அவர் மகள் பெயர். நானும் “என்னப்பா” என்றேன். அதோடு மூச்சு நின்றது.
பரஞ்சோதி மேலிருந்து: “ஓட்டம் எப்பத் திரும்பும்?”
அடிவால்வின் மோட்டார் எரிந்துவிட்டது. இனிக் கைச்சக்கரம்தான். திறக்கவும் மூடவும் தொள்ளாயிரம் சுற்று.

நாள் 218 · 13:15
புதுக் குழாய், புது வால்வு, எல்லாம் தனியாகப் பூட்டினேன். அடிவால்வைக் கையால் திறந்தேன். இரைச்சல் 74. ஏழு மாதத்தில் முதல்முறையாக என் மூச்சு எனக்குக் கேட்கிறது.
பரஞ்சோதி லிஃப்டில் இறங்கி வந்துகொண்டிருக்கிறார். தனியாக.

15:20
பரஞ்சோதி வந்ததும், இருளாண்டிதான் தவறுதலாக ஓட்டத்தைக் கூட்டினார் என்று எழுதச் சொன்னார். சொல்லிவிட்டுப் புது வால்வைப் பார்க்க அறைக்குள் போனார். பின்னாலேயே போய் ஸ்பானரால் முழங்காலில் அடித்தேன். எலும்பு உடைந்தது. வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

15:26
அறைக்குள் நீர் விடும் சின்னச் சோதனை வால்வின் திருகு என் பக்கம் இருக்கிறது. கால் சுற்று திறந்தேன். பயமுறுத்த மட்டும்தான். இதைப் படிக்கிறவர் நம்ப வேண்டும்.

15:41
“நான்தான் தொறந்தேன்! அவர் உள்ள இருக்கார்னு தெரியும். கப்பல் கெளம்பணும்னு மேலேருந்து நெருக்கினாங்க… போதும் ஜெசிந்தா, தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு.”
பதிவாகிவிட்டது. மூடுகிறேன்.

15:43
வால்வு மூடவில்லை. திருகு கடைசிவரை போய்விட்டது, நீர் நிற்கவில்லை. உள்ளே அதே சரளைச் சத்தம். லேசாகத் திறந்து வைத்த வால்வைத்தான் குமிழ் சீக்கிரம் தின்னும். குழாயில் கிடந்த இரும்புத்துகளும் சேர்ந்து அறுத்திருக்கிறது. எனக்குத் தெரியும். என் தொழிலே இதுதான். வடிகால் பம்பும் துகள் அடைத்து நின்றுவிட்டது. கதவை நீர் பிடித்துக்கொண்டது.
அடிவால்வுதான் மிச்சம். கைச்சக்கரம்.

15:50
140 சுற்று.
“ஜெசிந்தா, பூட்டை எடு. பூட்டை மட்டும் எடும்மா.”
பூட்டை அப்போதே எடுத்துவிட்டேன். சொன்னேன். அவர் நம்பவில்லை.

15:58
306. உள்ளங்கை உரிந்துவிட்டது. சக்கரம் வழுக்குகிறது. கதவை அடிக்கிறார், மேலே, கூரைக்குப் பக்கத்தில்.

16:04
412. ஒரு சத்தம் நின்றுவிட்டது. வால்வினுடையது இல்லை.
சுற்றுகிறேன்.
413.