இருபது சொல்லுக்குள்

ஜூலை 7, 2025. ஆழ்வார்குறிச்சி.

நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் பிறர் வாக்குமூலங்களுக்கு நகல் எடுத்தவன், எழுபத்தாறு வயதில் கதை எழுதப் போகிறேன். கேட்பதற்கு ஒருத்திதான்: என் மனைவி இசக்கியம்மா. பக்கவாதம் வந்த பிறகு, தொடர்கதை வாசித்தால் பாதியிலேயே தொடக்கம் மறந்துபோய் அழுகிறாள். ஆகவே:

1. கதை இருபது சொல்லுக்குள்.
2. ஆட்கள் இருவருக்கு மேல் வேண்டாம்.
3. முடிவு முடிவாக இருக்க வேண்டும். "பெறவு?" என்று அவள் கேட்டால் கதை தோற்றது.

ஜூலை 9.

முதல் கதை: "மாஞ்சோலை பஸ்ஸைத் தவறவிட்டாள். மழை. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினாள்."

பன்னிரண்டு சொல்.

"பெறவு?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"உக்கார எடம் கெடச்சுதா?"

ஜூலை 10.

"சன்னலோரம் இடம் கிடைத்தது" என்று சேர்த்தேன். "பெறவு?"

ஜூலை 18.

ஒன்பது சொல்லில் ஒரு கதை. பெறவு? ஏழு சொல்லில் ஒன்று. பெறவு? எனக்கு இது வராதோ?

மகள் சுகன்யா தொலைபேசியில் சிரித்தாள். "இப்படியே கொறச்சிட்டுப் போனா கடைசில வெறுந்தாளத்தான் வாசிக்கணும் யப்பா."

ஜூலை 26.

"கிழவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். படித்துறையில் துண்டு மட்டும் கிடந்தது."

அவள் "பெறவு?" என்று கேட்கவில்லை. ஓரத்தில் 'வெற்றி' என்று குறித்தேன்.

மத்தியானம் கஞ்சி வேண்டாம் என்றாள். "நீங்க ஆத்துக்குப் போவாதீய." சாயங்காலம் வரை என் வேட்டி நுனியை விடவில்லை.

'வெற்றி'யை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3.

பக்கவாதம் மறுபடியும் வந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 19.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச்சு இல்லை. காது கேட்கிறதாம். எவ்வளவு புரியும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை – பயம்.

ஆகஸ்ட் 21.

காலையில் பஸ் கதையை எடுத்து வாசித்தேன். "முதல் பஸ்ஸில் ஏறினாள்" என்று நிறுத்தினேன். அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "பெறவு?" வரக் காத்திருந்தேன்.

"சன்னலோரம் எடம் கெடச்சுது, இசக்கி," என்றேன். "மணிமுத்தாறு தாண்டவும் மழ விட்டுது. பக்கத்துல இருந்தவ மடியில ஒரு கோழி..."

மத்தியானக் கஞ்சி ஆறிப்போகும்வரை அந்த பஸ் மலை ஏறிக்கொண்டே இருந்தது. எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. நிறுத்தப் பயமாகவும் இருந்தது.

முதல் இரண்டு விதிகளையும் மீறிவிட்டேன். மூன்றாவது, தொடக்கத்திலிருந்தே தவறு.