அப்படி ஒருவரும் இங்கே இல்லை

2024 ஜூலை 9, செவ்வாய்

போலந்துப் பிள்ளை வந்துவிட்டாள். மல்வினா ஸரெட்ஸ்கா, வயது இருபத்தேழு. மகள் அனோஜினி பழகும் ரெனிஸ் கழகத்தில் நடக்கும் போட்டிக்கு வந்திருக்கிறாள். இங்கே கனடாவில் இப்படிச் சிறிய போட்டிகளுக்கு வருபவர்களைக் கழகத்துக் குடும்பங்கள்தான் வீட்டில் வைத்துக்கொள்வார்களாம். அவள் ஒரு மாதமாக நச்சரித்ததில் வீட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் பேஸ்மன்றையும் கொடுக்கச் சம்மதித்தோம்.

மினுக்கமாக ஒருத்தியை எதிர்பார்த்தேன். வந்தவள் தன் உடுப்பைத் தானே தோய்க்கிறாள். முழங்காலில் இரண்டு வெட்டுத் தழும்பு. உலகத்தில் இருநூற்றுச் சொச்சமாவது இடம். பதினொரு வருடமாக நாடு நாடாக இப்படித்தான் பையோடு அலைகிறாள். இந்தக் கோடையில் இன்னும் கொஞ்சம் ஏறினால் நியூயோர்க்கில் நடக்கும் பெரிய போட்டியின் தகுதிச் சுற்று கிடைக்கும் என்றாள். கிடைக்கும் என்று சொல்லும்போது மேசையை விரலால் தட்டினாள்.

சாப்பாட்டு நேரம் எதையோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணி, யாராவது வந்தால், என்று என்னவோ. நான் அடுப்படியில் வடகம் பொரித்துக்கொண்டு நின்றேன். "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன்.

"இஞ்சேரும், இந்தப் பிள்ளை புட்டுச் சாப்பிடுமோ?" என்று என் கணவர் மைக்கல் கேட்டார். சாப்பிட்டாள். வாழைப்பழத்தோடு, இரண்டாம் தரமும் வாங்கி.

ஜூலை 12, வெள்ளி

காலையில் ஆறு தாண்டியதும் வாசல் மணி அடித்தது. புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த கையோடு போய்த் திறந்தேன். ஒரு பெண், ஒரு ஆண். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. "மடாம் ஸரெட்ஸ்கா இங்கேதானே இருக்கிறார்?"

"இல்லை. அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று பிரெஞ்சில் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது. விடியப்புறம் கோப்போடு வந்து பெயர் கேட்பவர்களுக்கு வேறு பதில் எனக்குத் தெரியாது. ஊரில் சண்டைக் காலத்தில், வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தபோது பழகியது. பெயரை ஒப்புக்கொள்ளக் கூடாது. வாசலில் அந்நியர் நிற்கும்போது உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது.

அவர்கள் உடனே போகவில்லை. காருக்குள் இருந்தார்கள். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். விசாச் சிக்கலாக்கும் என்று நினைத்தேன். மல்வினா கீழே நித்திரை. எழுப்பவில்லை. அவர்கள் போன பிறகுதான் மேலே வந்தாள். மட்ச் இருக்கும் பிள்ளையை ஏன் பயப்படுத்துவான் என்று ஒன்றும் சொல்லாமல் புட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

எழுதினால் வெட்கம்தான். ஆனாலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

ஜூலை 14, ஞாயிறு

காலைப் பூசைக்கு என்னோடு வந்தாள். பின்னேரம் இறுதியாட்டம். வென்றாள்! அனோஜினிக்குக் குரல் கட்டிப் போயிற்று. மைக்கல் கூட எழுந்து நின்று விசிலடித்தார், பார்த்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

புறப்படும்போது வாசல் யன்னலில் நிற்கும் மடு மாதா சிலையின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டாள். பிறகு என்னையும். "இந்த வீடு எனக்கு நல்லது" என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வார்சோவிலிருந்து மல்வினா போன் எடுத்தாள்.

அன்றைக்கு வந்தவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்காரர். இவளைப் போன்ற ஆட்டக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிப்பார்கள். அவள் பதிந்தது எங்கள் வீட்டு விலாசம், காலை ஆறிலிருந்து ஏழு. அதைத்தான் அன்று மேசையில் இருந்து விளக்கியிருக்கிறாள். நான் வடகம் பொரித்துக்கொண்டு ஓகே சொன்னது அதற்குத்தான்.

ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் ஆள் அகப்படாவிட்டால் மருந்து எடுத்தவளுக்குச் சமம். ஒரு தரம் விமானம் பிந்தியது. ஒரு தரம் விலாசம் மாற்ற மறந்துவிட்டாள். மூன்றாவது எங்கள் வாசல். இரண்டு வருடத் தடை வரலாம், வழக்கு முடியும் வரைக்கும் ஆட முடியாதாம். அந்த முழங்காலோடு இரண்டு வருடம் கழித்து யார் திரும்பி வருவது?

"கதவைத் திறந்த பெண் அப்படி ஒருவரும் இல்லை என்றாளாம். அறிக்கையில் இருக்கிறது. றொசானா, அது நீங்களா?"

"இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை" என்றேன்.

அதோடாவது நிறுத்தினேனா? "வேறு வீட்டுக்குப் போயிருப்பார்கள், இந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி" என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது கேட்டது. ஆறுதல் மூச்சு. "அப்படியென்றால் எனக்கு வழி இருக்கிறது" என்றாள்.

ஆகஸ்ட் 7

முதல் தரம் தெரியாமல் சொன்னேன். நேற்று?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவளுடைய சட்டத்தரணி அனுப்பிய வாக்குமூலத்தில் போன கிழமை கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். ஜூலை 12 வெள்ளி காலை எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்று. நியூயோர்க் தகுதிச் சுற்று நாளைக்குத் தொடங்குகிறது. அவளுடைய பெயர் இருந்த இடத்தில் வேறொருத்தியின் பெயர் என்று அனோஜினி சொன்னாள்.

மைக்கலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "எழுதிக் குடுத்தாச்சு. இனி மாத்திச் சொன்னால் உம்மைத்தான் பொய்க்காரி எண்டுவினம். விடும், அவள் பெரிய ஆள், சட்டத்தரணி வைச்சிருக்கிறாள், பாத்துக்கொள்ளுவாள்."

பெரிய ஆள். தன் காலுறையைத் தானே தைத்துப் போட்டவள்.

பின்னேரம் லவாலில் இருக்கும் யோசெப் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவரைத் தேடி அன்றைக்கு ஆட்கள் வெள்ளவத்தைக்கு வந்தபோது வாசலில் நின்றது நான்தான். பதினெட்டு வயது. அண்ணை குளியலறைக்குள். அதே வசனத்தைத்தான் சொன்னேன். நம்பிப் போனார்கள்.

அண்ணை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு நீ அப்பிடிச் சொன்னபடியால்தான் நான் இருக்கிறன். உனக்கு அதில பாவமில்லை."

"அதில இல்லை அண்ணை. இதில?"

பின்னால் அவருடைய பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திச் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. "பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

அலுவலகத்தில் இன்று ஒரு காப்புறுதிக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பினேன். நிறுத்தியிருந்த காரில் இடித்துவிட்டு, தான் அந்தத் தெருவுக்கே போகவில்லை என்று எழுதியிருந்த மனிதர். கமெராவில் தெளிவாக இருக்கிறார். மேலதிகாரி சிரித்தார், "இவர்களுக்கு எப்படி வாய் வருகிறது?" என்று. நானும் சிரித்தேன். இருபது வருடமாக இதுதான் என் வேலை.

செப்டம்பர் 15, ஞாயிறு

அனோஜினி மேலே வந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சோதனைக்காரர் போகுமுன் வாசலைப் படம் எடுத்திருக்கிறார்கள். அது இப்போது வழக்கில் வந்துவிட்டது. மல்வினா இவளுக்கு அனுப்பி, 'இது யார் வீடு, உனக்குத் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறாள்.

படத்தில் கதவிலக்கம் இல்லை, கதவுப் பக்கம் வெயில் அடித்து வெளிறிவிட்டது. யன்னல் தெரிகிறது. யன்னலில் மடு மாதா.

"அம்மா, இது எங்கட வாசல்."

நான் மிளகாய்த்தூள் போத்தலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"அவளுக்கும் தெரியும் அம்மா. அந்த மாதாவை அவள் கிஸ் பண்ணினவள். தெரிஞ்சுகொண்டுதான் என்னட்டைக் கேக்கிறாள். நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்." பதினாறு வயதுப் பிள்ளை, கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "அங்க என்ன சொல்லுறாங்கள் தெரியுமா? வேற வீடு எண்டு சொன்னது அவள் செற் பண்ணின பொய்யாம். உங்களைச் சொல்லேல்லை. அவளைச் சொல்லுறாங்கள்."

ஐயோ. நான் சொன்ன பொய் என்னிடம் நிற்கவில்லை. அவளுடைய பெயரில் போய் ஒட்டிக்கொண்டது.

செப்டம்பர் 16

வேலைக்குப் போகவில்லை. மல்வினாவுக்குப் போன் எடுத்தேன். "நான்தான். கதவைத் திறந்தது நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணை குளியலறைக்குள் நின்றது வரை.

கடைசி வரை கேட்டாள். பிறகு, "இதை என்னிடம் சொல்லாதீர்கள். அவர்களிடம் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டாள்.

மைக்கல் பின்னேரம் வந்து கேட்டதும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "விசாரணையில கதைக்கக் கமெரா உள்ள கொம்பியூட்டர் அனோஜினியிட்டை இருக்கு. சத்தம் வருதோ எண்டு முதலே பாத்து வையும்" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

விசாரணை. கணினித் திரையில் மூன்று பேர், பக்கத்துப் பெட்டியில் மல்வினா. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தாளோ, திரையில் எப்படித் தெரியும்?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார். "ஆகஸ்டில் ஒருவரும் வரவில்லை என்று கையெழுத்து வைத்தீர்கள். இப்போது வந்தார்கள் என்கிறீர்கள். எதை நம்புவது?"

"முதலில் சொன்னது பொய். வெட்கத்தில் சொன்னேன்."

"இப்போது சொல்வது அவருக்கு உதவி செய்ய அல்லவா?"

"உதவி செய்யத்தான். ஆனால் நடந்தது இதுதான்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நடுவில் இருந்த பெண் கேட்டார். ஒரு நாள் முழுக்கப் பிரெஞ்சில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. "எங்கள் ஊரில் காலையில் பெயர் கேட்டு வருபவர்கள் ஆளைக் கொண்டுபோவார்கள். திருப்பித் தரமாட்டார்கள்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பிறகு அன்றைக்கு வந்த அந்தச் சோதனைக்காரப் பெண்ணைக் கேட்டார்கள். கதவைத் திறந்தவரைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று. முகம் நினைவில்லை என்றாள். "இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மா. ஆறு மணிக்குப் பாண் சுடுகிறாரோ என்று நினைத்தேன்" என்றாள்.

புட்டு மா. என்னை ஒருவரும் மாவைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திரையில் மல்வினா கையால் வாயைப் பொத்தினாள்.

டிசம்பர் 20, வெள்ளி

அந்த மூன்றாவது தரம் அகப்படாதது அவளுடைய கவனக்குறைவு இல்லை என்று தீர்ப்பு. தடை இல்லை.

அனோஜினி துள்ளினாள். நான் கணக்குப் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் மனம் பார்க்கிறது. நியூயோர்க் போனது. மெல்பேர்னில் நடக்கும் பெரிய போட்டிக்குப் பதியும் திகதியும் போனது. இடம் இறங்கி நானூறுக்கும் அப்பால். உடுப்புக் கொடுத்த கொம்பனியும் விட்டுவிட்டதாம்.

மகளுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறாள்: 'முடிந்தது என்று அம்மாவிடம் சொல்.' எனக்கு ஒன்றும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

2025 ஜூன் 22, ஞாயிறு

மல்வினா வருகிறாள். அதே சின்னப் போட்டிக்கு. போன வருடம் வென்றவள், இந்த வருடம் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கழகத்தில் வேறு இரண்டு வீடுகள் கொடுத்தார்களாம். இவள் எங்கள் வீடுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். விசரோ என்று அனோஜினி கேட்டிருக்கிறாள். அவள் எழுதிய பதிலை மகள் வாசித்துக் காட்டினாள்: 'கனடா முழுக்கத் தேடினாலும் இனி சோதனைக்காரருக்கு ஓடிப்போய்க் கதவு திறப்பார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் உன் அம்மாதான்.'

மைக்கல் வயிறு குலுங்கச் சிரித்தார். "உமக்கு நல்ல சேட்டிபிக்கற்!"

நான் குசினிக்குள் போய்விட்டேன். சிரிப்பா அழுகையா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

அவள் வந்து மூன்று நாள். பேசுகிறாள், சாப்பிடுகிறாள், பழைய மாதிரி இல்லை. படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுகிறாள். இதுதான் கடைசி வருடம் என்று மைக்கலிடம் சொன்னாளாம், பிறகு பிள்ளைகளுக்குப் பழக்கப்போகிறாளாம். போன வருடம் அந்த ஐந்து மாதம் முழங்கால் நன்றாக இருந்ததாம். நல்ல கால் சும்மா இருந்தது என்றாளாம். குறை சொல்லவில்லை, கதையோடு கதையாகச் சொன்னது என்கிறார் மைக்கல்.

எனக்கு நித்திரை வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஒவ்வொரு நாளும் ஆறுக்கு முன்னமே உடுத்தி, வாசலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். மைக்கல் "வாச்சர் அம்மா" என்று நக்கல் அடிக்கிறார். ஒருவரும் வரவில்லை. இன்றைக்கு வந்தார்கள்.

அதே பெண். என்னைக் கண்டதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதலில் என் கையைத்தான் பார்த்தாள். "மடாம் ஸரெட்ஸ்கா இங்கே இருக்கிறாரா?"

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பழைய வசனம்தான் முதலில் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே திரும்பி, கதவு அகலத் திறந்திருக்க, அந்நியர் இரண்டு பேர் பார்த்து நிற்க, படியை நோக்கிக் கத்தினேன்.

"மல்வினா! மல்வினா!"

எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மைக்கல் சாரத்தோடு ஓடிவந்தார். முன்வீட்டு நாய் குரைத்தது. கீழேயிருந்து, "கேட்கிறது, றொசானா! போலந்துக்கே கேட்கிறது!" என்றாள்.

சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க முடியாமல் மல்வினா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் குடித்துக்கொண்டு குசினியில் இருந்தாள். சோதனைக்காரப் பெண் அவளை விட்டு அசையாமல் பக்கத்திலேயே இருந்தாள். எங்கள் வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்க அந்தப் பெண்ணுக்கு அனுமதி இல்லையாம். நான் மா குழைத்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓ, பாண் இல்லையா இது?" என்றாள். மல்வினா அவளுக்குப் புட்டு என்றால் என்ன என்று விளக்கினாள், பாதி பிழையாக.

மத்தியானம் தோற்றாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பந்துக்கு ஓடவில்லை, ஓட முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நான் அப்போதுதான் சொன்னேன், அவளுடைய முகத்துக்கு நேரே, முதல் தடவையாக. "மல்வினா, அந்த ஐந்து மாதம்..."

"தெரியும்" என்றாள். இல்லையென்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பையின் ஒரு பிடியை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருமாகக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம்.

இனி விளையாட்டு இல்லை, விமானத்தை நாளைக்கே மாற்றித் தரட்டுமா என்று அனோஜினி கேட்டாள். வேண்டாமாம். திங்கள் வரை எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் பதிந்திருக்கிறாளாம். அதை மாற்றவில்லை.