அயோவாக் கோயிலில் உமது பெயர்

மோர்டன், லண்டன்
2.9.1986

அன்புள்ள தவநாயகிக்கு,

நான் நல்ல சுகம். உமது இருமல் மாறியதா?

யோகராஜா அண்ணையோடு அமெரிக்கா போய் வந்துவிட்டேன். அவரின் மகள் இருக்கும் அயோவாக் கிராமத்தில் சோளம் பனை உயரம் நிற்கிறது, பொய்யென்றால் அண்ணையைக் கேளும். இருவரும் சைக்கிளில் போகையில் எதிரே பொலிஸ் கார். நான் ஊர்ப் பழக்கத்தில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டினேன்.

"டேய், இது ஆனையிறவுச் சோதனைச்சாவடி இல்லையடா, ஏறி ஓடு!" என்று அண்ணை கத்தினார். பொலிஸ்காரன் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான். ஒன்றுமே கேட்கவில்லை, தவம்!

ஞாயிறு அந்த ஊர்ச் சனம் தங்கள் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனது. யாருக்காகச் செபிக்கவேண்டுமென்று பாதிரியார் கேட்டார். நீர் அடுத்த மாதம் விசாவுக்குக் கொழும்பு போவதை என் இங்கிலீசில் விளக்கினேன், சபையே மலைத்துப்போனது. ஐந்நூறு பேர், அண்ணை அறுபது என்பார், உமது பெயரைத் தட்டித்தடவிச் சொல்லி, நீர் ஆமிச் சோதனையெல்லாம் தாண்டவேண்டுமென்று கண்மூடினார்கள். திருநீற்று நெற்றியோடு நானும் முழந்தாளில் நின்றேன்.

திருநீறு முடிந்துவிட்டது, ஒரு கடதாசிச் சரையில் கட்டிக் கொண்டுவாரும். வழியில் அட்டையைக் கையிலேயே வைத்திரும். ஷிப்டுக்கு நேரமாகிறது. உமக்கும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன். இங்கே பொலிசைக் கண்டு இறங்கத் தேவையில்லை.

உமது,
சிவானந்தன்