உன்னைக் கேட்காமல் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

போன சனிக்கிழமை, அம்மா இல்லாத உங்கள் இருவரையும் வளர்த்த உன் சின்னம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் வெள்ளித் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். உன் தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழாவாம். பாடாங் செராய் மண்டபத்தில், வருகிற ஞாயிறு, மதிய உணவோடு. அவள் போய் ஐந்து நாளாகியும் அந்த மஞ்சள் வாசம் வீட்டை விட்டுப் போகவில்லை. சன்னல்களையெல்லாம் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று வருடமாகிறது. பதில் வராது என்று தெரியும்.

பிள்ளைக்கு வயது பதினேழு. அந்த வயதில் சடங்கா? ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். கிழவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இப்பத்தான் வயசுக்கு வந்தா லா. நீதான் முன்னால நின்னு ஊத்தணும். அன்னைக்குப் பெரியவளுக்கு நின்னியே, அதே மாதிரி," என்றாள். பெரியவள் என்றது உன்னைத்தான். படி இறங்கும்போது, கடையில் வாங்க மறந்த சாமானை நினைத்துக்கொண்டவள்போல, அடுத்த மாதம் பிள்ளைக்குச் சின்ன ஆபரேஷன் இருக்கிறது, ஹெர்னியாதான், வெளியே சொல்லிவிடாதே என்றாள். முப்பது வருடம் கழித்தும் அதே ஹெர்னியா. புதிதாக ஒரு வியாதியைத் தேடிப் பிடிக்கும் அளவுக்குக்கூட அந்தத் தலையில் சரக்கு இல்லை.

அப்போது நமக்குப் பதினாறு வயது. பள்ளியில் நான்காம் படிவம். தீபாவளிக்குக் கோலா கெத்திலிலிருந்து வந்த உன் தாய்மாமன், சீர் செய்ய இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பது என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அது உன் சின்னம்மாவுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. உன் உடம்பு, அவளுக்கு அவமானம்! மறுவாரம் தோட்டத்து லய வீடுகளின் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்தாள். "ஸ்கூல்ல வச்சு வயசுக்கு வந்துட்டான்னு நீ சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன். தலைக்கு ஊத்திட்டா தன்னால வந்துரும்," என்றாள். அவள் அதை நிஜமாகவே நம்பினாள். சடங்கைச் செய்துவிட்டால் உடம்பு வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் வந்து சேரும் என்று நம்பிய கூட்டம் அது.

நான் சொன்னேன். உன் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்த அத்தனை பெண்களிடமும், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். நீ அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கூலியாக எனக்கு ஒரு பாவாடைத் துணி கிடைத்தது. அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு பொங்கலுக்குக் கோயிலுக்கும் போனேன். வெட்கம் கெட்டவர்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

பச்சை ஓலை கட்டி உன்னை ஒதுக்கி வைத்தார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வாயில் ஊற்றினார்கள். நீ வாந்தி எடுத்தாய். அதையும் நல்ல சகுனம் என்றார்கள். தண்ணீர் ஊற்றி முடிந்து கூட்டம் சாப்பிடப் போனபிறகு, ஈரத் தலையோடு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "பொய் சொன்னதுகூட பரவால்லடி. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

தன்னால் வரும் என்று இரண்டு வருடம் பார்த்தார்கள். வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்று டாக்டர் உன் அப்பாவைத் தனியே அழைத்து மலாயில் சொன்னாராம். காட்டிய இடத்தில் அவர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துக்கு ஹெர்னியா என்று அறிவித்தாள் சின்னம்மா. நீயும் நம்பினாய். அரிசி மூட்டை தூக்கியதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று என்னிடமே சொன்னாய்.

உண்மை வெளியே வர நீ பாசாரில் காய்கறி வாங்கப் போய் வழுக்கி விழவேண்டியிருந்தது. முப்பத்து நாலு வயதில், லேசாகக் கை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் சின்னப் பெண். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். ஹெர்னியாவுக்கு எதற்கு மாத்திரை என்று நீ கேட்டாய். அவள் பழைய ஆஸ்பத்திரிக் கோப்பைக் கேட்டு வாங்க வழி சொன்னாளாம். அந்த நகலை உன் வீட்டு அடுக்களையில் வைத்து இருவரும் படித்தோம். நீ பிறந்ததிலிருந்தே உனக்குக் கருப்பை கிடையாது. அதற்குப் பதில் வயிற்றுக்குள்ளே ஆணுக்கு இருப்பதுபோன்ற சுரப்பிகள். ஆனாலும் உன்னைப் பெண்ணாக வளர்த்ததும், உன் எலும்புக்குத் தேவையானதைக் கொடுத்ததும் அவைதான். அவற்றைத்தான் எடுத்திருந்தார்கள். பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம் என்ற பயமாம். இருக்கட்டும். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்லிக் கேட்டால் வாய் வெந்துவிடுமா? எடுத்த பிறகு கொடுக்கவேண்டிய மாத்திரையைக்கூட அந்தப் படித்த மேதைகள் மறந்துவிட்டார்கள்.

ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்திலும் முழுதாக அடங்காத உடம்போடு பிறந்தவர்களைக் குறிக்கும் இடைபால் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் நீ கண்டுபிடித்தாய். நீ அழுவாய் என்று பயந்தேன். "அப்ப என்னை மாதிரி இன்னும் ஆளுங்க இருக்காங்க," என்று சொல்லிவிட்டு, தேநீர் கலக்கப் போனாய்.

அதன்பிறகு உன் மோட்டார் சைக்கிள் ஓயவில்லை. சுங்கை லாலாங், பீடோங், கூலிம் என்று இப்படிப் பிள்ளை பிறந்த வீடுகளைத் தேடிப் போனாய். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு, மற்றதற்குப் பிள்ளை வாய் திறந்து சொல்லும்வரை காத்திருங்கள் என்பாய். சில வீட்டில் காப்பி கொடுத்தார்கள். சில வீட்டில் நீ உட்கார்ந்த நாற்காலியைக் கழுவினார்கள். கோயில் மாதர் பகுதிக் கூட்டத்தில் பேச உனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினாள் தலைவி, வேறு யார், உன் சின்னம்மாதான். நாலாவது நிமிடத்தில் மைக் கெட்டுப்போனது. நீ மேடையை விட்டு இறங்கியதும் அதே மைக்கில் பஜனை கணீரென்று கேட்டது.

டெங்கிக் காய்ச்சலில் நீ போனபோது அவர்களின் பக்தியைப் பார்த்திருக்கவேண்டும். உன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காத ஐந்து பேர் மஞ்சள்தூளும் கையுமாக ஓடிவந்தார்கள், உன்னைக் குளிப்பாட்ட. எதைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? வார்டில் நீ சொல்லியிருந்தாய், நானும் உன் தங்கச்சியும் மட்டும் என்று. கதவைத் தாழிட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறது என வெளியிலிருந்து கிழவி தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே உன் தங்கச்சி அழுதுகொண்டே உன் காலுக்கு மஞ்சள் பூசினாள்.

அதே தங்கச்சிதான் இப்போது தன் மகளுக்கு மண்டபம் பிடித்திருக்கிறாள். உன் உடம்பில் இருந்ததுதான் அந்தப் பிள்ளையின் உடம்பிலும் என்று அவளுக்குத் தெரியும். போன் செய்தேன். சின்னம்மா சொல்கிறாள், ஆபரேஷனுக்கு என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று அழுதாள். அவளுடைய அழுகை எனக்குப் புளித்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கினாலும் அவள் அழத்தான் செய்வாள், இறக்கி வைக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தேன். நீ என்னிடம் விட்டுப்போன, உன் ஆஸ்பத்திரிக் கோப்பின் நகல் இருந்த உறையையும் எடுத்து வைத்தேன். அப்போதுதான் நீ அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது: "என் உடம்பப் பத்தி என் வாய்தான் சொல்லணும்." மண்டபத்தில் நான் கத்தினால், கிழவிக்கும் எனக்கும் சேலை நிறம்தான் வித்தியாசம். மைக்கை மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. போனில் தேடிப் படித்து, நம் இருவரையும்விட அதிகம் தெரிந்து வைத்திருந்தாள். தட்டிலிருந்த மீ கோரேங்கைக் கிளறிக்கொண்டே, தன்னை யாரும் கேட்கவில்லை என்றாள். நான் கேட்கிறேன், என்ன வேண்டும் சொல் என்றேன்.

"ஆபரேஷன் வேணாம் ஆன்ட்டி. இப்ப வேணாம். பிறகு வேணும்னா நானே சொல்றேன். ஆனா சடங்கு வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கூத்தா, அந்தப் பொய்யா என்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "எல்லாப் பிள்ளைங்களுக்கும் செஞ்சாங்க. சேலை எடுத்தாச்சு. எனக்குப் பிடிச்சிருக்கு. வயசுக்கு வந்ததுக்காக இல்ல, எனக்காக ஊத்துங்களேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. அவளும் நம்மைப்போலவே அந்த மஞ்சள் தண்ணீரை வெறுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, நமக்கு வேண்டிய பதில் வராவிட்டால் முகம் சுளிப்பதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு உறையை அவளிடம் கொடுத்தேன்.

அன்று மாலையே அம்மாவிடம் அவள்தான் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். உன் தங்கச்சி வழக்கம்போல அழுதாள். ஆனால் கையெழுத்துப் போடுவதில்லை என்று மகளின் கையைப் பிடித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு மூவரும் போகிறோம், டாக்டரிடம் பிள்ளையே பேசுவாள். கிழவிக்கு இன்னும் தெரியாது. மண்டபத்தில் எப்போதும்போல் உத்தரவு போட்டுக்கொண்டு திரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உன் சின்னம்மா சொம்பை என் கையில் கொடுப்பாள், நான் வழிக்கு வந்துவிட்டதாக நினைத்துப் பல்லைக் காட்டுவாள். அந்தப் பிள்ளை தலையைக் குனியும்வரை காத்திருந்து ஊற்றுவேன்.

உன்னை நான் கேட்கவில்லை. இவளைக் கேட்டுவிட்டேன்.