செருப்புப் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜைத் திற

மேல்வீடு, பம்மல்
7 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய வேதசிரோமணி சார்,

வணக்கம். படியில் பார்க்கும்போது சொன்னால் மறந்துவிடும், எதுவானாலும் எழுதி கேட்டில் இருக்கும் பெட்டியில் போடுங்கள் என்று குடிவந்த அன்றே சொன்னீர்கள். அதனால் ஒரே வாசலில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜ் கைப்பிடி ஷாக் அடிக்கிறது. கீசர் போட்டால் பாத்ரூம் குழாயும் அடிக்கிறது. எலக்ட்ரீஷியன் லோகு அண்ணன் நேற்று வந்து பார்த்தார். “இன்னாக்கா, எர்த்தே இல்லாத வூட்ல குடி கீறீங்க? எர்த் பள்ளம் கார் நிறுத்துற எடத்துக்கு அடியில கீது. டைல்ஸ் ஒட்டச்சொல்ல ஒயர அறுத்துட்டு மேல மூடிக்கினு பூட்டானுங்க” என்றார். கீழ்வீட்டுக்குப் பின்பக்கம் தனி எர்த் இருக்கிறதாம். எங்களுக்கு மட்டும்தான் இல்லை. சில டைல்ஸைப் பெயர்த்தால் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம் என்கிறார்.

என் மகள் வெண்ணிலாவுக்கு ஆறு வயது. தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்.

இப்படிக்கு,
காந்திமதி


கீழ்வீடு
10 ஏப்ரல் 2025

அன்புள்ள காந்திமதி அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லோரும் நலம். கணவர் பிரேமும் மறைமலை நகர் நைட் ஷிப்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கட்டும்.

அந்த டைல்ஸ் என் மகன் ஆசைப்பட்டுத் தேடி வாங்கிப் போட்டது. ஒன்று உடைந்தாலும் அதே நிறம் கிடைக்காது. உங்களுக்கு முன்பு இருந்தவர்கள் யாரும் இப்படிப் புகார் செய்ததில்லை. தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லித் தராததால்தான் விபத்து நடக்கிறது. உங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கம் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டு வளர்ப்பீர்கள். நான் குறையாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் கார் நிறுத்தும் இடத்தில் தெருப் பிள்ளைகளுக்கு மின் பாதுகாப்பு வகுப்பு தொடங்குகிறேன். வெண்ணிலாவை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஜே. வேதசிரோமணி


மேல்வீடு
28 ஏப்ரல் 2025

வேதசிரோமணி சார்,

வெண்ணிலாவை அனுப்பினேன். எர்த் பள்ளத்துக்கு மேலேயே உட்கார்ந்து மின் பாதுகாப்பு படித்துவிட்டு வந்தாள். ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடக்கூடாது, ஷாக் அடித்தவரைத் தொடாமல் முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். சந்தோஷம்.

பிளக் ஓட்டையில் விரலை விடாதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லலாம். குழாயைத் தொடாதே என்று எப்படிச் சொல்வது? அவள் ஒழுங்காகத்தான் இருக்கிறாள். உங்கள் சுவர்தான் ஒழுங்காக இல்லை.

வேறு வழி தெரியாமல் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். செருப்பில்லாமல் ஃபிரிட்ஜைத் திறக்கக்கூடாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஊரில் மீன்கூடை தூக்கும் என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, “இன்னாடி, ஐஸ் பொட்டி வச்சிக்கினு கீறியா, பாம்பு வளக்குறியா?” என்றாள்.

டைல்ஸ் எப்போது எடுப்பீர்கள்?

காந்திமதி


கீழ்வீடு
5 மே 2025

அன்புள்ள காந்திமதி அவர்களுக்கு,

வகுப்பில் வெண்ணிலாதான் முதல். இப்படியொரு பிள்ளையைப் பெற்றதற்காக நீங்கள் தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு சிறு விஷயம். மதியம் நான் கண்ணயரும் நேரத்தில் தலைக்கு மேல் செருப்புச் சத்தம் ஓயாமல் கேட்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதுதானே நம் பழக்கம்? பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

டைல்ஸ் பற்றி மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

ஜே. வேதசிரோமணி


மேல்வீடு
6 மே 2025

சார்,

அந்தச் சத்தம் கேட்கும்வரை என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

காந்திமதி


கீழ்வீடு
20 மே 2025

அன்புள்ள காந்திமதி அவர்களுக்கு,

விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து வந்த என் பேரன் ஸ்டெபினை நேற்று நீங்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை மறக்கமாட்டேன். உள்ளங்கைக் காயம் ஆறிவிடும் என்கிறார் டாக்டர். ஸ்தோத்திரம்.

நன்றாக வளர்ந்த பிள்ளை. உங்கள் வாசலில் முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். ஐஸ் தண்ணீருக்காக ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஈரக்கையை வைத்தவன் கையை எடுக்க முடியாமல் நின்றிருக்கிறான். வெண்ணிலா பதறாமல், அவனைத் தொடாமல், ஸ்விட்சை அணைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறாள். வகுப்பின் அருமை இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு ஒரு பரிசு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டிவிடுங்கள்: ‘உள்ளே வரும் பிள்ளைகள் செருப்பைக் கழற்ற வேண்டாம்.’

அன்புடன்,
ஜே. வேதசிரோமணி


மேல்வீடு
21 மே 2025

சார்,

அறிவிப்பு ஒட்டவில்லை. வீட்டைக் காலி செய்கிறோம்.

வாசலில் பிள்ளைகள் பேசியதை உள்ளேயிருந்து கேட்டேன்.

“டேய், செருப்போட வாடா. எங்க ஃபிரிட்ஜ் கடிக்கும்.”

“வீட்டுக்குள்ள செருப்பு போட்டா தாத்தா திட்டுவாரு.”

“திட்டுனா வலிக்காதுடா. இது வலிக்கும்.”

அவன் உங்கள் பேச்சைக் கேட்டான். நான் அடுப்பை விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை ஸ்விட்சுக்கு ஓடியதற்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அவளை ஓடவைத்தது யார் என்று மட்டும் கேட்கமாட்டீர்கள்.

பரிசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காந்திமதி


பம்மல்
14 ஜூலை 2025

அன்புள்ள காந்திமதி அவர்களுக்கு,

உங்கள் முகவரியை பிரேமிடம் கேட்டு வாங்கினேன். டைல்ஸை உடைத்து, புதுப் பள்ளம் தோண்டி, மேல்வீட்டுக்கு எர்த் கொடுத்தாகிவிட்டது. லோகுதான் செய்தான். அதுவரை ஸ்டெபினை அனுப்பமாட்டேன் என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

மேல்வீடு காலியாகத்தான் இருக்கிறது. மதியத்தில் தூக்கம் வருவதில்லை. விருப்பமிருந்தால் பழைய வாடகைக்கே வாருங்கள். வெண்ணிலா இல்லாமல் சனிக்கிழமை வகுப்பு சோபிக்கவில்லை.

என்றும் அன்புடன்,
ஜே. வேதசிரோமணி


சேலையூர்
20 ஜூலை 2025

வேதசிரோமணி சார்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்துக் குடிவரும் பிள்ளைக்காவது நல்லது நடந்ததே. என் மகளுக்காக எழுதி எழுதிப் போட்டேன், ஒரு டைல்ஸ் அசையவில்லை. உங்கள் பேரனுக்கு ஒருமுறை அடித்ததும் தரையே பிளந்துவிட்டது. நாங்கள் வரவில்லை.

இந்த வீட்டில் எர்த் இருக்கிறது. லோகு அண்ணனே வந்து டெஸ்டர் வைத்து வெண்ணிலாவுக்குக் காட்டினார். ஃபிரிட்ஜிலும் குழாயிலும் அதன் லைட் எரியவில்லை. நானும் பலமுறை சொல்லிவிட்டேன். “சரிம்மா” என்கிறாள். ஆனால் தண்ணீர் எடுக்கப் போகும்போது வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வருகிறாள்.

நேற்று பிரேம் வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் திறந்தார். வெண்ணிலா ஓடிப்போய், ஸ்டூலில் ஏறி, ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கதவைச் சாத்தும்வரை கையை எடுக்கவில்லை.

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், சார்.

காந்திமதி