யார் எந்தக் கூடாரத்தில்

மே 4

வாலுவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று வாலு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சத்தம் ஏறிவிடுகிறது, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்றாய். ஒரே ஊரில், நாலு தெரு தள்ளி இருக்கும் பெண்டாட்டிக்குத் தபால்தலை ஒட்டுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போகட்டும்.

மலைநடைச் சங்கம் இந்த வருடமும் பிள்ளைகளை அழைத்துப்போகச் சம்மதித்துவிட்டது. நான்கு இரவு. வாலுவையும் சேர்த்து நான்கு பெண்கள், நான்கு பையன்கள். விதிகள் உனக்குத் தெரியும், எழுதியதே நீதானே. இருவர் கூடாரத்துக்கு இரண்டு பிள்ளைகள். எந்தப் பிள்ளையும் தனியாகப் படுக்கக் கூடாது. பெரியவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளையைத் தவிர வேறு பிள்ளையோடு ஒரே கூடாரத்தில் இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் வந்தால் கூட ஒரு பெண் கட்டாயம். அதாவது, நீ வந்தால்தான் பயணம்.

வரைபடமும் போட்டுவிட்டேன். வீடு வரைந்து பிழைக்கிறவனுக்குக் கூடாரம் வரைவது பெரிய காரியமா? ஒரு பக்கம் பெண்களுக்கு இரண்டு, மறுபக்கம் பையன்களுக்கு இரண்டு, நடுவில் மஞ்சள் கூடாரம் நமக்கு. படுக்கிற இருவரே பாதிப் பாதியாகச் சுமக்க வேண்டும் என்பதால் கம்பியும் முளையும் எனக்கு, துணி உனக்கு. கனம் குறைந்ததை உனக்குத்தான் வைத்திருக்கிறேன்.

பெற்றோர்களிடமும் பேசியாயிற்று. பல் டாக்டரம்மா மட்டும் தன் பெண்ணுக்காக நோண்டி நோண்டிக் கேட்டார். "ராத்திரி பொண்ணுங்களுக்கு யாரு காவல்?" என்றார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நடுவுலதான் இருக்கோம், கவலையே படாதீங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். அவசியம் வா. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

உன் வீட்டுக்காரன்


மே 7

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் பிரித்துப் படித்தது என் தப்பு. லேபுக்கு வெளியே ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். படித்த பிறகு நான் அடுத்தவருக்கு ஊசி குத்த வேண்டாம் என்று கூட வேலை செய்கிற பெண்ணை உட்காரவைத்தேன்.

"நமக்கு" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நான் அந்த வீட்டைவிட்டு வந்து ஏழு மாதம். உங்கள் சமையலறைக் குழாயும் எனக்கு இல்லை, மஞ்சள் கூடாரமும் எனக்கு இல்லை.

நீங்கள் யாரிடமும் சொல்லவே இல்லை என்பது நேற்றுதான் தெரிந்தது. மருந்துக்கடையில் சங்கச் செயலாளர் என்னைப் பார்த்து, "நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்குதாம்மா? அதனாலதான் கூட்டத்துக்கே வர முடியலையாமே" என்று அக்கறையாகக் கேட்கிறார். எனக்கு ஏது நைட் ஷிப்ட்? காலை ஆறு மணிக்குப் போய் மதியம் வீடு திரும்புகிறவள் நான். அசடு வழிய நின்று, "பழகிடுச்சு சார்" என்றேன். உங்கள் பொய்க்கு என்னையும் சாட்சி சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பெண் பிள்ளைகளுக்காகவும் வாலுவுக்காகவும் நான் வருகிறேன். இந்தப் பயணத்துக்காக அவள் புது பூட்ஸை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கிக்கொண்டிருக்கிறாள். கீழே தையல்கடைக்காரர் ரெண்டு தடவை மாடியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் உங்களோடு ஒரே கூடாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாலுவும் நானும் ஒன்றில் இருக்கிறோம். சொந்தப் பெண், விதி இடம் கொடுக்கிறது.

இன்னொன்று. துணிதான் கனம். பனியில் நனைந்தால் கம்பியைப் போல் இரண்டு மடங்கு. பத்து வருடமாக அதை நான் சுமந்ததால் உங்களுக்குத் தெரியாது.

வாலுவின் அம்மா


மே 9

வாலுவின் அம்மாவுக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் கோபப்படவில்லை. கணக்கை மட்டும் பார்.

வாலு உன்னோடு வந்தால் மீதி மூன்று பெண்கள். இரண்டு பேர் ஒரு கூடாரத்தில், பொடிசு தனியாக. அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறாயே, பதினோரு வயதுக்கு முதுகுப்பைதான் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது போல இருக்கும். அவளைத் தனியாகப் படுக்கவைக்க முடியுமா? உன்னோடும் படுக்கவைக்கக் கூடாது. சங்கத்திடம் ஒழுகாத கூடாரம் ஐந்துதான், எனக்கு ஆறாவது ஒன்று வேண்டும். வெளியே கேட்டு வாங்கலாம். வாங்கினால், "ஏன், என்னாச்சு?" என்பார்கள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லலாம் என்பாய். சொன்னால் பல் டாக்டரம்மா மறுநாளே தன் பெண்ணை நிறுத்திவிடுவார். ஒருவர் நிறுத்தினால் மற்றவர்களும் பின்வாங்குவார்கள். பயணமே நின்றுவிடும். பூட்ஸைப் பழக்குகிற பிள்ளையிடம் அதை யார் சொல்வது, நீயா நானா?

நான்கே இரவு. நான் ஒரு ஓரமாகச் சுருண்டுகொள்கிறேன், நடுவில் பைகளை அடுக்கிவைத்துக்கொள். நான் குறட்டை விட்டால் காலால் உதை, கேட்க மாட்டேன். பிள்ளைக்காகக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளக் கூடாதா?

உன் வீட்டுக்காரன்


மே 12

வாலுவின் அப்பாவுக்கு,

அட்ஜஸ்ட். அந்த வார்த்தையைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுத முடிகிறது.

உங்கள் தம்பி தொழில் நொடித்துப்போய் வந்த அன்று நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் புடவைகளும் வாலுவின் துணிகளும் கூடத்து மூலையில் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. நம் அறையில் அவர் படுத்திருந்தார். "ஒரு வாரம்தான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றீர்கள். அந்த ஒரு வாரம் ஒன்றரை வருடம் ஓடியது. நீங்கள் வரைபலகைக்கு அடியில், நாங்கள் கூடத்தில். வளர்ந்த பெண் உடை மாற்றக் குளியலறையைத் தவிர இடமில்லை. அவர் நல்லவர்தான், என்னிடம் ஒரு தப்பான வார்த்தை பேசியதில்லை. என் வருத்தம் அவர்மேல் இல்லவே இல்லை. யார் எங்கே படுப்பது என்று நீங்களே முடிவு செய்தீர்கள். ஊருக்கெல்லாம் நல்லவராக இருந்தீர்கள், அதற்கு இடம் கொடுத்தது நாங்கள். இப்போது கூடாரத்திலும் அதையே செய்கிறீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. அந்த விதிகள் எதற்காக? தன் பிள்ளை ராத்திரியில் எங்கே, யார் பக்கத்தில் தூங்குகிறது என்று பெற்றவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் பிள்ளைகளை நம் கையில் கொடுக்கிறார்கள். அதிலேயே பொய் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீங்கள் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன். பயணம் நின்றாலும் பரவாயில்லை.

வாலுவின் அம்மா


மே 15

அம்மா தாயே,

சொல். தாராளமாகச் சொல். மைக் வைத்துச் சொல். எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கினால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்றால் வாங்கிக்கொள். பயணம் நின்ற பிறகு வாலு அழும்போது, "உங்க அம்மா நியாயஸ்தி" என்று நானே அவளுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

இதோடு நிறுத்தி உறை ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

தம்பி மார்ச் மாதமே போய்விட்டான். வேலை கிடைத்தது, தனி வீடு பார்த்துக்கொண்டான். அறை காலியாக இருக்கிறது. உன் அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறேன். நான் இன்னும் வரைபலகைக்கு அடியில்தான் படுக்கிறேன், உள்ளே போய்ப் படுக்க மனசு வரவில்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால், "அதற்கு என்ன இப்போ?" என்பாய் என்று பயம்.

பொடிசு, கனம், கணக்கு எல்லாம் நிஜம்தான். ஆனால் மஞ்சள் கூடாரத்தை நடுவில் வரைந்தது அதற்காக இல்லை. நான்கு இரவு பக்கத்தில் இருந்தால், ஒரு இரவாவது நீ வாயைத் திறந்து ஏதாவது பேசுவாய் என்று நினைத்தேன். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. வெளியில் சொல்லிவிட்டால் அது முடிந்தே போய்விடும் என்றுதான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

நீ செய்வதைச் செய்.

உன் வீட்டுக்காரன்


மே 20

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நேற்று கூட்டத்துக்கு வரும்போது நான் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து எப்போது எழுந்திருப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினீர்கள். நடுவில் மஞ்சள் கூடாரம் அப்படியே இருந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். அப்புறம் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னீர்கள்: "நானும் இவங்களும் ஏழு மாசமா தனித்தனியா இருக்கோம். உங்ககிட்ட மறைச்சது என் தப்பு. டென்ட்லயும் தனித்தனியாதான் இருப்போம். அதுக்கு அப்புறமும் நம்பிக்கை இருந்தா அனுப்புங்க."

நான் மனப்பாடம் செய்ததெல்லாம் வேண்டாமல் போயிற்று.

பல் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான், இல்லையா? "பொண்ணுங்க பக்கத்துல அவங்க இருப்பாங்களா?" இருப்பார்கள் என்று நீங்கள் சொன்னதும், "அப்ப எனக்கென்ன, வீட்டுல மூணு பேர் படுக்குற டென்ட் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்குத்தான் நீங்கள் இவ்வளவு பயந்தீர்கள். பொடிசின் அப்பாதான், "குடும்பமே சரியில்லாதவங்களை நம்பி எப்படிங்க அனுப்புறது?" என்று எழுந்து போனார். அந்தக் குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கும் ஆறியிருக்காது.

நீங்கள் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் வாலு, "அப்பாடா, இனிமே யாருகிட்டயும் பொய் சொல்ல வேணாம்" என்றாள். என்ன பொய் என்று கேட்டேன். "அப்பா எல்லார்கிட்டயும் உனக்கு நைட் ஷிப்ட்னு சொல்லிட்டாருல்ல. பிரண்ட்ஸ் வீட்டுக்கு வரேன்னு கேட்டா நானும் அதையே சொல்வேன், அம்மா தூங்குறாங்க, சத்தம் போடக் கூடாதுன்னு." ஏழு மாதமாக ஒருத்தியையும் வீட்டுக்குக் கூட்டி வராமல் இருந்திருக்கிறாள். நான் அவளுக்குச் சிநேகிதமே இல்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள்.

உங்களை மட்டும் குறை சொல்லி இதை எழுதவில்லை. மருந்துக்கடையில் "பழகிடுச்சு சார்" என்றவள் நான்தானே.

அறை காலி என்று எழுதியிருந்தீர்கள். நேற்று எழுந்து நின்று பேசிய மனிதர் யார் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அவரை எனக்குப் பிடித்தது. அவர் அந்த வீட்டில் ஒரு நாள் பேசியிருந்தால் நான் வெளியே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் ஒரு நாளை நம்பி நான் திரும்பி வர முடியாது. வரவில்லை. இதை நேரில் சொன்னால் நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள், எனக்கும் மனசு இளகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

வாலு சிநேகிதிகளோடு பெரிய கூடாரத்தில் இருக்கட்டும், அவளுக்கு அதுதான் ஆசை. ஒருவர் படுக்கும் கூடாரம் எனக்கு லேப் டாக்டர் தருகிறார். துணி, கம்பி, முளை எல்லாவற்றையும் நானே சுமந்துகொள்கிறேன்.

முட்டிவலிக்குக் கட்டிக்கொள்ளும் பட்டையை மறக்காமல் எடுத்துவாருங்கள்.

வாலுவின் அம்மா


மே 23

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

வாலு சொன்னதை நீ எழுதியிருந்த பக்கத்தைத் தாண்டி அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. மீதியை மறுநாள் படித்தேன். என் கௌரவத்தைக் காப்பாற்ற என் பிள்ளை காவல் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்பேன்.

பொடிசின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா கேட்டைத் திறக்காமலே கேட்டுக்கொண்டார், மனசு மாறவில்லை. அவள் ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

அறையைப் பற்றி நீ எழுதியது புரிந்தது. மறுத்துப் பேசப்போவதில்லை. நேற்றிலிருந்து உள்ளே கட்டிலில்தான் படுக்கிறேன்.

புது வரைபடம் இத்துடன் இருக்கிறது. பெண்களின் கூடாரம் மரங்களை ஒட்டி, பையன்களுடையவை இரண்டும் ஓடைப்பக்கம் மேட்டில், என்னுடையது அவர்களுக்குப் பக்கத்தில். உன்னுடையதை நான் வரையவில்லை. பெண்களுக்குக் குரல் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும், மற்றபடி இடம் முழுக்கக் காலியாக விட்டிருக்கிறேன். எங்கே என்று நீயே குறித்து அனுப்பு. சனிக்கிழமைக்குள் கிடைத்தால் செயலாளரிடம் கொடுக்கச் சௌகரியமாக இருக்கும்.

வாலுவின் அப்பா