சோதித்தவர்: முகமது ஆசிப்

செல்லூர், மதுரை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்ள ஜெயபாண்டிக்கு,

ஆசிப் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் நீ நலமாகத்தான் இருக்க வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இந்த மெயில். நம் லினக்ஸ் குழுவில் யாருக்கும் நகல் போடவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. உன் அப்பா சனிக்கிழமை என் செல்போன் கடைக்கு வந்தார். போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றார், பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். நீ புனேயில் பெரிய கம்பெனியில் இருப்பதை எதிர் டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறுநாள் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை திவ்யா டீச்சர் கூப்பிட்டார். பசுமலையில் கல்லூரியில் வரலாறு எடுக்கிறாரே, கண் தெரியாதவர், நாம் இரண்டு பேரும் போய் லினக்ஸ் போட்டுக் கொடுத்தோமே, அவர்தான். பிள்ளைகள் அனுப்பும் கட்டுரைகளை லேப்டாப் வாசிக்கக் கேட்டுத்தான் மார்க் போடுவார். அப்டேட் ஆனதிலிருந்து அது தமிழை வாசிக்கவில்லையாம். ஒவ்வொரு எழுத்துக்கும் இங்கிலீஷ்காரன் குரலில் "டமில் லெட்டர், டமில் லெட்டர்" என்று சொல்லிக்கொண்டே போகிறதாம். "அண்ணே, தமிழ் எழுத்துன்னு எனக்கே தெரியும், என்ன எழுத்துன்னு அதச் சொல்லச் சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மார்க் கொடுக்கும் தேதி நெருங்குகிறது, அடுத்த அறை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாராம், அதைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு இல்லை.

வாசிக்கும் மென்பொருளை எழுதியவர்கள்தான் எதையோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, அதை லினக்ஸுக்காக நாம் கட்டி அனுப்புகிற பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்தேன். "தமிழ்க் குரல் நீக்கப்படுகிறது. பயன்படுத்துவோர் யாரும் இல்லை." செய்தவர், ஜெயபாண்டி. அதற்குக் கீழே சோதித்தவர், முகமது ஆசிப்.

சீ என்றாகிவிட்டது மாப்ள. அந்த மாற்றத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் செய்தால் இன்னொருவர் சோதித்துப் பெயர் போட வேண்டும் என்பதற்காக, என்னைக் கேட்காமலே என் பெயரை எடுத்து ஒட்டிவிட்டாய். எச்சில் இலையில் எனக்குச் சோறு போட்டு வைத்த மாதிரி இருந்தது.

யாரும் இல்லை என்பதற்கு நீ காட்டியிருக்கும் ஆதாரம் அதைவிடக் கேவலம். பயன்பாட்டுக் கணக்கில் தமிழ்க் குரலுக்கு நேரே பூஜ்யம். அது ஏன் பூஜ்யம் என்று உனக்குத் தெரியாதா? என்னென்ன பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கை அனுப்பலாமா என்று லினக்ஸ் போடும்போதே கேட்கும். நாம் போட்டுக் கொடுத்த எல்லா மெஷினிலும் வேண்டாம் என்றுதான் அமுக்கினோம். "அவங்க என்ன கேக்குறாங்க, என்ன படிக்கிறாங்கன்னு நாம என்னத்துக்குடா எட்டிப் பாக்கணும்" என்று சொன்னது நீ. எனக்கும் அது சரியென்று பட்டது. அவர்களுக்குக் கொடுத்த அந்த மரியாதையையே, அவர்கள் உலகத்திலேயே இல்லை என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டாய். வேறு எவனாவது செய்திருந்தால் விவரம் தெரியாதவன் என்று விட்டிருப்பேன்.

காரணம் புரியாமல் இல்லை. உன் கம்பெனி விற்கிற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இந்த பேக்கேஜ் பெரிசாக இருக்கிறது, குரலை எடுத்தால் இடம் மிச்சம். வேண்டுமானால் அவர்கள் பெட்டியில் மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமே. ஊருக்கெல்லாம் பொதுவானதில் ஏன் கை வைத்தாய்? தானியங்கிச் சோதனையெல்லாம் பாஸ் என்று பச்சையாகத்தான் இருக்கிறது. அது புரோகிராம் திறக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வாய் திறந்து பேசுகிறதா என்று நாம்தான் கேட்போம். நீ போனில் அதை ஒரு வரி வாசிக்க வைப்பாய். "கொட்டாம்பட்டியில் நேற்று நல்ல மழை." உன் ஊரை வைத்து நீ எழுதிய வரிதான். பக்கத்துத் தறிச் சத்தத்தையும் மீறி அந்த மழை என் காதில் விழுந்தால்தான் என் பெயரைப் போடுவேன். கம்பெனியில் சேர்ந்த பிறகு அந்த ஒரு போனுக்குக்கூட உனக்கு நேரமில்லை.

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அத்தா, "எவனோ செஞ்ச சாமானக் கட்டி, அதையும் சும்மா அனுப்புறதுக்கு இம்புட்டுக் கோவமா" என்று கேட்டார். அவர் மளிகைக் கடைக்காரர். "அரிசின்னு கல்லக் கட்டி உங்க கடைப் பேர மேல எழுதி எவனாச்சும் வித்தா என்ன செய்வீங்க" என்று கேட்டேன். அத்தா தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

திவ்யா டீச்சருக்கு நேற்றுப் போய்ப் பழைய பதிப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் நம்பர் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு லினக்ஸின் புது வெளியீட்டுக்கு மாற்றம் எதுவும் வாங்காமல் கதவை அடைக்கிறார்கள். அதற்குள் குரல் திரும்பாவிட்டால் இரண்டு வருஷத்துக்கு எல்லோருக்கும் டமில் லெட்டர்தான்.

நானே திருப்பிப் போட்டுவிடலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். என் பெயரைப் பொய்யாகப் போட்டாய் என்று எழுதினால் பேக்கேஜில் கை வைக்கிற உன் அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு இந்த வேலையில் உன்னை யாரும் நம்ப மாட்டார்கள். வேறு காரணம் புனைந்து எழுத எனக்கு வராது. ஆகவே நீயே குரலைத் திருப்பிப் போடு. நடந்ததை உன் வாயாலேயே குழுவுக்குச் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். ஒப்புக்கொண்டவனை அவர்கள் துரத்தி நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடையைத் திறந்ததும் பார்ப்பேன். அதுவரைக்கும் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். அப்போதும் அப்படியே கிடந்தால் நான் எழுதிவிடுவேன் மாப்ள.

உன் அப்பா சொன்னார், போன வெள்ளிக்கிழமை ராத்திரி கொட்டாம்பட்டியில் நிஜமாகவே நல்ல மழையாம். கண்மாயில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். ஆண்டவன் உன் ஊருக்கு இன்னும் கொடுக்கட்டும், உன்னையும் கைவிடாமல் இருக்கட்டும். குரலைப் போட்டு முடித்ததும் கூப்பிடு. நீ ஒன்றும் பேச வேண்டாம், அந்த வரியை மட்டும் வாசிக்க விடு. தறி ஓடிக்கொண்டிருக்கும், சத்தமாக வை. கேட்டுவிட்டு என் பெயரை நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
ஆசிப்